மொட்டைமாடி வானியல் ஒளிப்படத்திற்கு எந்தக் கட்டுப்பாட்டு முறை? சில ஆண்டுப் பயன்பாட்டிற்குப் பின் ஒரு பகிர்வு

வானியல் ஒளிப்படத்தில் புதிதாக இறங்குபவர்கள் தொலைநோக்கி, கேமரா, அவற்றைத் தாங்கி வானத்தின் சுழற்சியோடு திருப்பும் மவுண்ட் ஆகிய மூன்றையும் மாதக்கணக்கில் ஆராய்ந்து வாங்குகிறார்கள். அவற்றை எதைக் கொண்டு இயக்குவது என்பதைக் கடைசி வாரத்தில் முடிவு செய்கிறார்கள். இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கட்டுப்பாட்டு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே, பின்னாளில் எந்தக் கேமராவை வாங்க முடியும், எந்த ஃபோகஸர் (குவியத்தைச் சரிசெய்யும் கருவி) பயன்படாமல் போகும் என்பதில் பாதி முடிவாகிவிடுகிறது. கோயம்புத்தூரில் வீட்டு மொட்டைமாடியிலிருந்து, ஏறத்தாழ ஒரே கருவிகளை வைத்துக்கொண்டு, மூன்று வெவ்வேறு முறைகளில் படமெடுத்துப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

கருவிகள் இவை: ஸ்கைவாட்சர் ஈக்யூ6-ஆர் மவுண்ட், 400 மி.மீ. குவியத்தூரம் கொண்ட ஒளிவிலகல் தொலைநோக்கி, இசட்டபிள்யூஓ நிறுவனத்தின் ஏஎஸ்ஐ533 எம்சி புரோ குளிரூட்டு கேமரா, அதே நிறுவனத்தின் மோட்டார் ஃபோகஸர், ஒரு விண்மீனைத் தொடர்ந்து பார்த்து மவுண்டின் சிறு பிழைகளைத் திருத்தும் கைடிங்கிற்காகச் சிறிய கைடு தொலைநோக்கியுடன் ஒரு கைடு கேமரா. கேமராவின் பிக்சல் அளவு 3.76 மைக்ரான் என்பதால், ஒரு பிக்சல் வானத்தில் ஏறத்தாழ 1.94 வில்விநாடியைப் பிடிக்கிறது (ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு வில்நிமிடம், அதில் 60-ல் ஒரு பங்கு வில்விநாடி). இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கைடிங் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

முதலில் பயன்படுத்தியது இசட்டபிள்யூஓ நிறுவனத்தின் ஏஎஸ்ஐஏர். கைக்கு அடக்கமான பெட்டி. அதில் கேமராவையும் மவுண்டையும் செருகி, கைப்பேசிச் செயலியில் இலக்கைத் தொட்டால், பிளேட் சால்விங் செய்து அதாவது எடுத்த படத்திலுள்ள விண்மீன்களை அட்டவணையுடன் ஒப்பிட்டு, இலக்கைச் சட்டத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. கைடிங்கும் உள்ளேயே இருக்கிறது. பிளஸ் மாதிரியில் 12 வோல்ட் மின்சாரத்தை மற்றக் கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் நான்கு வெளியீடுகளும் உண்டு. இரவு ஏழு மணிக்கு வேலையிலிருந்து திரும்பி எட்டரைக்குள் படமெடுக்கத் தொடங்க வேண்டும் என்பவருக்கு இதைவிடச் சுலபமான வழி எதுவும் எனக்குத் தெரியாது. மலைப்பகுதிக்குப் போகும் நண்பர்கள் பலர் இன்றும் இதைத்தான் எடுத்துச் செல்கிறார்கள்.

ஆனால் இது ஒரு மூடிய வீடு. மவுண்ட் மட்டும் பல நிறுவனங்களுடையதாக இருக்கலாம். கேனன், நிக்கான் போன்ற டிஎஸ்எல்ஆர் கேமராக்களையும் ஏற்கிறது. அதற்கப்பால் வானியல் கேமரா, வடிகட்டிகளை மாற்றும் ஃபில்டர் வீல், ஃபோகஸர் எல்லாம் அதே நிறுவனத்தினுடையதாகவே இருக்க வேண்டும். இதில் ஒரு முக்கியமான சமனின்மை உள்ளது. இசட்டபிள்யூஓ கேமரா திறந்த மென்பொருள்கள் அனைத்திலும் வேலை செய்கிறது; மற்ற நிறுவனங்களின் வானியல் கேமராக்கள் ஏஎஸ்ஐஏரில் வேலை செய்வதில்லை. ஆகவே அந்தப் பெட்டியில் தொடங்கியவர் வெளியே வருவது எளிது. வெளியே இருப்பவர் உள்ளே போவதென்றால் கருவிகளையும் மாற்ற வேண்டியிருக்கும். இறக்குமதி வரி கட்டி வாங்கும் நமக்கு இது சிறிய விஷயமல்ல.

அடுத்து ராஸ்பெரி பை கணினியில் இண்டி சேவையகத்தை நிறுவி, மடிக்கணினியில் கேஸ்டார்ஸ் மென்பொருளின் ஈகோஸ் பகுதி வழியாக இயக்கினேன். வடிவமைப்பு என்ற அளவில் மூன்றிலும் அழகானது இதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்: கருவிகளைப் பேசவைக்கும் வேலை மாடியில் உள்ள சிறு கணினிக்கு, முடிவெடுக்கும் வேலை அறையில் உள்ள கணினிக்கு, நடுவில் வீட்டு நெட்வொர்க். எல்லாம் கட்டற்ற மென்பொருள், விலை கிடையாது. லினக்ஸ் பழகியவருக்கு இது சொந்த ஊர். பழகாதவருக்கோ, ஒரு டிரைவர் தொடங்க மறுக்கும் இரவில் பதிவுக் கோப்புகளைத் தோண்டும் பொறுமை வேண்டும். அதோடு, மின்சாரம் சட்டென்று போனால் ராஸ்பெரி பையின் எஸ்டி அட்டையிலுள்ள கோப்புகள் பழுதாகும் வாய்ப்பு எப்போதும் இருக்கிறது. எஸ்எஸ்டியிலிருந்து இயக்குவது இந்தக் கவலையைப் பெருமளவு குறைக்கும்.

மூன்றாவதும் இப்போது நிலைத்திருப்பதும், விண்டோஸ் மினி கணினியில் ஓடும் நினா. இதுவும் இலவசம், திறந்த மூலம். ஆஸ்காம் என்ற பொதுத் தளத்தின் வழியாகக் கருவிகளுடன் பேசுகிறது. கைடிங்கிற்கு பிஎச்டி2, பிளேட் சால்விங்கிற்கு ஆஸ்டாப் என்று தனித்தனி மென்பொருள்களைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறது. ஆஸ்டாப்பின் விண்மீன் அட்டவணையை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால் இணையமே தேவையில்லை. சிக்னல் கிடைக்காத ஜவ்வாது மலைப் பக்கங்களில் இதன் அருமை புரியும்.

நான் நினாவில் தங்கிவிட்டதற்கு முதற்காரணம் துருவ சீரமைப்பு. மவுண்டின் சுழலச்சு வானத்தின் வடதுருவத்தை நோக்க வேண்டும். ஐரோப்பாவில் எழுதப்படும் கையேடுகள் துருவ விண்மீனை மவுண்டின் அச்சுக்குள் இருக்கும் சிறு துருவ நோக்கியில் பார்த்துச் சரிசெய்யச் சொல்கின்றன. அங்கே அது 50 டிகிரி உயரத்தில் நிற்கிறது; கோவையில் 11 டிகிரியில். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, ஒரு தென்னை, அடிவானத்துப் புகைமூட்டம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று போதும், ஆண்டு முழுவதும் துருவ விண்மீன் தென்படாது. நினாவின் மூன்று புள்ளித் துருவ சீரமைப்புச் செருகுநிரலுக்குத் துருவம் தெரிய வேண்டியதில்லை. வானத்தின் திறந்த பகுதி எதையாவது நோக்கி, சுழலச்சைச் சற்றுச் சற்றுத் திருப்பி மூன்று படம் எடுக்கிறது. மூன்றையும் பிளேட் சால்வ் செய்து அச்சு எங்கே நோக்குகிறது என்று கணக்கிடுகிறது. பிறகு நாம் திருகுகளைத் திருப்பத் திருப்பப் பிழை எவ்வளவு மிச்சம் என்று திரையில் காட்டிக்கொண்டே இருக்கிறது. கைப்பேசியில் அந்தத் திரையைப் பார்த்தபடி, உயரத் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பி, பிழையை ஒரு வில்நிமிடத்திற்குக் கீழே கொண்டுவர அதிக நேரம் பிடிப்பதில்லை. ஏஎஸ்ஐஏரிலும் ஈகோஸிலும் பின்னாளில் துருவம் தெரியாமலே சீரமைக்கும் வசதி வந்துவிட்டது. ஆகவே இன்று வாங்குபவருக்கு இந்த ஒரு காரணம் மட்டும் நினாவை நோக்கித் தள்ளாது. ஆனால் எதை வாங்கினாலும் இந்த வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். 11 டிகிரி உயரத்தில் வளிமண்டல ஒளிவிலகல் ஏறத்தாழ 5 வில்நிமிடம். துருவ நோக்கியில் கண்ணால் பார்த்துச் சீரமைப்பவர், ஒளிவிலகலால் உயர்ந்து தெரியும் துருவத்தை நோக்கி நிற்கிறார். உச்சிவானப் படங்களைக் கொண்டு கணக்கிடுபவர் உண்மைத் துருவத்தை நெருங்குகிறார். இரண்டு முறைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்று சிலர் குழம்புவதில் ஒரு பகுதி இதனால்தான்.

தாழ்ந்த அட்சரேகை இயந்திரப் பகுதியிலும் தன் வேலையைக் காட்டுகிறது. சுழலச்சு ஏறக்குறைய கிடையாகப் படுத்திருப்பதால், எதிர்எடைத் தண்டு நேர்கீழாகவும் சற்று வடக்காகவும் தொங்குகிறது. முக்காலியின் ஒரு கால் வடக்கே இருந்தால் எடை அதில் இடிக்கும். ஈக்யூ6-ஆர் 5 டிகிரி அட்சரேகை வரை இறங்கும் என்பதால் கோணம் பிரச்சினையல்ல, இடிப்பதுதான் பிரச்சினை. முக்காலிக்கும் மவுண்டிற்கும் இடையே நீட்டிப்புத் தூண் ஒன்றைப் பொருத்துவது நல்ல தீர்வு. இதைக் கேட்டவுடன், எதிர்எடை தேவையில்லாத ஹார்மானிக் வகை மவுண்டுகளின் பக்கம் மனம் போவது இயல்பு. ஏஎம்5 போன்ற ஒன்றின் எடை 5 கிலோதான். ஈக்யூ6-ஆரின் தலைப்பகுதி மட்டும் 17 கிலோவைத் தாண்டும். மாடிப்படி ஏறி இறங்கும் முதுகு இந்த வேறுபாட்டை நன்கு அறியும். ஆனால் அவ்வகைப் பற்சக்கரத்தின் சுழற்சிப் பிழை, அதாவது ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப வரும் ஊசலாட்டம், பல பத்து வில்விநாடி அளவுக்குப் போகக்கூடியது. கைடிங் இல்லாமல் அவற்றால் நீண்ட ஒளிபதிவு செய்ய இயலாது, கைடு கேமராவும் அரை விநாடிக்கோ ஒரு விநாடிக்கோ ஒருமுறை திருத்தம் அனுப்பியாக வேண்டும்.

நினாவில் என்னைக் கட்டிப்போட்ட இன்னொன்று அதன் மேம்பட்ட வரிசைப்படுத்தி. இன்ன இலக்கு, இத்தனை படம் என்பதோடு நில்லாமல், வெப்பநிலை ஒன்றிரண்டு டிகிரி இறங்கினால் மறுபடி ஃபோகஸ் செய், விண்மீன்களின் விட்டம் இத்தனை விழுக்காடு பெருத்தால் ஃபோகஸ் செய், இலக்கு நடுவிலிருந்து நகர்ந்தால் மீண்டும் நடுவுக்குக் கொண்டுவா என்று நிபந்தனைகளைக் கோத்துவிடலாம். இலக்கு உச்சிக்கோட்டைக் கடக்கும்போது தொலைநோக்கியை மறுபக்கம் புரட்டும் மெரிடியன் ஃபிளிப்பை, கைடிங்கை நிறுத்துதல், புரட்டுதல், மறுபடி நடுவில் வைத்தல், கைடிங்கைத் தொடங்குதல் என்று தானே முறையாகச் செய்துவிடுகிறது. நம் ஊரில் உச்சிவானத்தை ஒட்டிக் கடக்கும் இலக்குகள் ஏராளம். அந்த நேரத்தில் கேமராப் பகுதி முக்காலிக் காலை உரசும் வாய்ப்பு அதிகம். புதிய பொருத்தம் எதையும் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு இரவில் விடுவது நல்லது.

கைடிங்கைப் பொறுத்தவரை மென்பொருளைவிட ஒயர்களே தீர்மானிக்கின்றன. பிஎச்டி2 வரைபடத்தில் என் வழக்கமான பிழை 0.7 முதல் 0.9 வில்விநாடி, என் பிக்சல் 1.94 என்பதால் இது தாராளமாகப் போதும், இதைக் குறைக்க மேலும் செலவழிப்பதில் பொருளில்லை. ஒரு பருவத்தில் மட்டும், தென்வானில் ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்தைப் படமெடுக்கும்போதெல்லாம் நடுக்கோட்டுவிலகல் (வடக்கு-தெற்கு) அச்சில் ஒரே மாதிரி ஒரு கூர்முனை வந்துகொண்டிருந்தது. கைடிங் அமைப்புகளைத் தொடாமல், சிவப்பு விளக்குடன் மவுண்டின் அருகே நின்று பார்த்ததில் காரணம் தெரிந்தது: தொலைநோக்கி அந்தக் கோணத்திற்குத் திரும்பும்போது கேமராவின் தடித்த யுஎஸ்பி ஒயர், மவுண்டின் உயரத் திருகின் கைப்பிடியில் தொற்றி, இறுகி, பிறகு வழுக்கி விடுபடுகிறது. இன்று மினி கணினி தொலைநோக்கியின் மேலேயே அமர்ந்திருக்கிறது; கீழே இறங்குவது ஒரே ஒரு மின்சார ஒயர்.

அந்த ஒற்றை ஒயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிரூட்டி முழு வேகத்தில் ஓடும்போது மவுண்ட், கேமரா, பனி நீக்கும் பட்டை, கணினி எல்லாம் சேர்ந்து 5 ஆம்பியரைத் தாண்டிவிடும். 0.75 சதுர மி.மீ. ஒயரை 5 மீட்டர் இழுத்தால், போக வர 10 மீட்டரில் ஏறத்தாழ 1.2 வோல்ட் காணாமல் போகிறது. 12 வோல்ட் என்று அனுப்பியது மறுமுனையில் 10.8 ஆக வந்து சேர்கிறது. கேமரா துண்டிக்கப்படுவது, மவுண்ட் நின்றுபோவது போன்ற, மென்பொருள் மேல் பழி விழும் கோளாறுகளில் பல இங்கேதான் பிறக்கின்றன. வீட்டு வயரிங்கிற்கு வாங்கும் 2.5 சதுர மி.மீ. ஒயரில் இதே இழப்பு 0.4 வோல்ட்டிற்குள் அடங்கிவிடும். அதேபோல, யுஎஸ்பி 3 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உமிழ்கின்றன. மாடியில் வைஃபை விட்டு விட்டு வந்தால் 5 கிகாஹெர்ட்ஸிற்கு மாற்றிப் பாருங்கள்.

கேமராவைப் பற்றி ஒரு வரி: இந்தக் கேமரா சுற்றுப்புறத்தைவிட 35 டிகிரி வரை குளிர்விக்கும் என்றாலும், இரவு 28 டிகிரி இருக்கும் ஏப்ரலில் அது மைனஸ் 7 என்றுதான் ஆகிறது, அதுவும் முழு மூச்சில். நான் ஆண்டு முழுவதும் 0 டிகிரியிலேயே வைத்து, அதற்கான டார்க் படங்களை (கேமராவின் இரைச்சலைக் கழிக்க, ஒளி புகாமல் மூடி எடுப்பவை) ஒருமுறை எடுத்துச் சேமித்துப் பயன்படுத்துகிறேன்.

விண்டோஸ் மினி கணினி வாங்குபவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 12 வோல்ட்டில் நேரடியாக ஓடுவதாகப் பார்த்து வாங்க வேண்டும். வேறொரு கணினியிலிருந்து இதை இயக்க உதவும் விண்டோஸின் தொலைமேசை வசதி ஹோம் பதிப்பில் கிடையாது, புரோ பதிப்பில் உண்டு. தானியங்கிப் புதுப்பிப்பும் யுஎஸ்பி மின்சேமிப்பும் இரவில் குறுக்கிடாதபடி அணைத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு ஒயரையும் எப்போதும் ஒரே துளையில் செருக வேண்டும். இல்லையெனில் விண்டோஸ் அந்தக் கருவிக்குக் கொடுத்த காம் போர்ட் எண் மாறி, நேற்று வரை இணைந்த மவுண்ட் இன்று இணையாது.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது அவரவர் இரவைப் பொறுத்து மாறும். காரில் ஏற்றிச் சென்று ஓரிரவு படமெடுத்துத் திரும்புபவர், கருவிகளெல்லாம் ஒரே நிறுவனத்தில் வாங்கச் சம்மதிப்பவர் என்றால் ஏஎஸ்ஐஏர் போதும். கூடுதலாக எதையும் கற்க வேண்டியதில்லை. மாடியில் நிரந்தரமாகத் தூண் நட்டு, இரவெல்லாம் தானாக ஓடவிட்டுத் தூங்க நினைப்பவருக்கு நினாவைச் சொல்வேன். லினக்ஸை விரும்புகிறவரிடம் ஈகோஸைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டேன். சொன்னாலும் கேட்க மாட்டார்.

மூன்றில் எதுவாயினும், டிசம்பர் இறுதியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் திறக்கும் அமாவாசை வாரத்தில் மென்பொருளையும் டிரைவர்களையும் புதுப்பிக்காதீர்கள். அதை மேகம் மூடியிருக்கும் ஜூலை மாதத்தில் செய்யலாம். அதற்கு முன் இயங்கிக்கொண்டிருக்கும் அமைப்புக் கோப்புகளை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள்.