சுபாரு எஸ்ரிஐ கார் வைத்திருப்பவர்கள் கவனம்: "வின்ரர் பக்கேஜ்" என்ற பெயரில் பூட்டப்படுபவை

ஸ்காபரோவில் ஒரு கராஜ், 2016 சுபாரு எஸ்ரிஐ ஒன்றுக்கு "வின்ரர் பக்கேஜ்" என்று நாலு ரயரும் நாலு றிம்மும் பூட்டிக் காசு வாங்கியிருக்கிறது. பில்லில் நாலும் புது ரயர். கழற்றிப் பார்த்தால் முன்னுக்குள்ள இரண்டு மட்டும்தான் புதிது. பின்னுக்குள்ளவற்றின் டொட் இலக்கம் (ரயரின் பக்கச்சுவரில் செய்த காலத்தைக் காட்டும் இலக்கம்) 3517 என்று முடிகிறது. அதாவது 2017இன் 35ஆவது கிழமை செய்தவை. டொட் இலக்கத்தை உள்பக்கமாகத் திருப்பிப் பூட்டியிருந்தார்கள்.

புது ரயரின் மேற்பரப்பு வெட்டுகளில் 9 மி.மீ பள்ளம், பழையதில் 5 மி.மீ. பனிக்கு 4 மி.மீட்டருக்குக் குறையக்கூடாது என்பது கனடா போக்குவரத்துத் துறையின் அறிவுரை. அந்த எல்லைக்கு மேலே நிற்பதால் பார்வைக்கு நல்ல ரயர் மாதிரித்தான் தெரியும். முன்சில்லு மட்டும் இழுக்கிற காரென்றால் நட்டம் ரயர்க் காசோடு போய்விடும், நாலு சில்லும் இழுக்கிற எஸ்ரிஐக்கு அப்படியில்லை. ஆரத்தில் 4 மி.மீ குறைந்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 25 மி.மீ தூரம் குறைகிறது. 100 கி.மீ வேகத்தில் சில்லு செக்கனுக்குப் பதின்மூன்று, பதினாலு தரம் சுற்றும். நேரான ரோட்டிலும் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுழலாது, முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் நடு டிஃபரன்சியல் அந்த வித்தியாசத்தை ஓய்வில்லாமல் தாங்கிச் சூடாகித் தேயும். சுபாரு அனுமதிக்கும் பள்ள வித்தியாசம் 1.6 மி.மீ மட்டும். போதாததற்குப் பிடிப்புக் குறைந்த ரயர் பின்னுக்கு இருப்பதால் பனி வளைவில் கார் வால் வீசும்.

றிம் இன்னும் மோசம். எஸ்ரிஐயின் பெரிய பிறெம்போ பிரேக் கலிப்பரை எல்லா 17 அங்குல றிம்மும் தாண்டும் என்றில்லை. தாண்டாத றிம்மைத் தள்ளிவைக்க றிம்முக்கும் ஹப்புக்கும் (சில்லு பூட்டும் நடுப்பகுதி) இடையில் 5 மி.மீ ஸ்பேசர் தகடு செருகியிருக்கிறார்கள், போல்ற் மட்டும் பழைய நீளம். எஸ்ரிஐ போல்ற் 12 மி.மீ தடிப்பு, 1.25 மி.மீ பிட்ச் (ஒரு சுற்றுக்கு நட்டு ஏறும் தூரம்). ஆகவே நட்டுக்கு நாலு சுற்றுப் பிடி போய்விட்டது. நட்டு குறைந்தது எட்டுச் சுற்றாவது ஏறாத சில்லோடு நெடுஞ்சாலைக்குப் போகவே கூடாது. றிம்மின் நடு ஓட்டை 73.1 மி.மீ, ஹப் 56.1 மி.மீ. இடைவெளியை நிரப்பும் வளையமும் போடவில்லை. 90ஐத் தாண்டினால் ஸ்ரியறிங் நடுங்குவதற்கு அதுவே போதும்.

"கூலன்ற் சரிபார்ப்பு" என்றும் ஒரு வரி பில்லில் இருக்கிறது. இருந்த கூலன்ற்றின் மேல் ஊற்றியது வெறும் தண்ணீர். கூலன்ற்றும் தண்ணீரும் பாதிக்குப் பாதிக் கலவை ஏறத்தாழ -37 பாகை வரை உறையாது, இதில் மானி காட்டியது -18. ரொறன்ரோவில் தை மாதத்துக் கடுங்குளிர் இரவுக்கு அது போதாது. கழற்றிய சம்மர் ரயர்களையும் வெளியே குளிருக்குள் அடுக்கியிருந்தார்கள். -7க்குக் கீழே அந்த ரப்பரை அசைத்தாலே வெடிப்பு விழலாம்.

கராஜில் நிற்கும்போதே நாலு ரயரின் டொட் இலக்கத்தையும் படம் எடுங்கள். பக்கச்சுவரில் மூன்று சிகர மலையும் பனித்துகளும் சேர்ந்த குறி இருக்கவேண்டும், எம்+எஸ் (சேறும் பனியும்) எழுத்து மட்டும் போதாது. பள்ளமானியால் நாலையும் அளவுங்கள். நட்டைக் கையால் திருப்பிச் சுற்றுகளை எண்ணச் சொல்லுங்கள். 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, 80–100 கி.மீ ஓடியபின் மறுபடி முறுக்கவேண்டும். ஸ்பேசர் தேவைப்படும் றிம்மை வாங்கவே வேண்டாம்.

ஒன்ராறியோ நுகர்வோர் சட்டப்படி, திருத்த வேலைக்கு எழுத்தில் எஸ்ரிமேற் கேளுங்கள். கடைசிப் பில் அதைவிட 10 வீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. புதுப் பாகத்துக்கும் வேலைக்கும் 90 நாள் அல்லது 5,000 கி.மீ உத்தரவாதம் உண்டு, எது முந்துகிறதோ அதுவரை.