தலவேராத் தட்டா, பெரெருவேலாச் சட்டியா, அகோஸ்ட் பொதீஹோவா?

ஸ்பெயின் போய்த் திரும்புகிறவர்கள் மண்பாண்டம் வாங்கி வந்தால், அது பெரும்பாலும் வெள்ளைத் தரையில் நீலமும் மஞ்சளும் தீட்டிய தட்டாகத்தான் இருக்கும். கடைகளும் அதைத்தான் முன்னால் அடுக்கி வைக்கின்றன. அந்த நாட்டுக் குயவர்களின் கைத்திறனுக்கு அது ஒன்றுதான் அடையாளம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வண்ணத்துக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று என்று மூன்று ஊர்ப் பாண்டங்களை எடுத்துப் பார்ப்போம். என் ஓட்டு அடுப்புக்குத்தான். ஏன் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

பேரும் புகழும் உள்ளதில் தொடங்கலாம். தலவேரா தே லா ரெய்னா, தொலேதோ மாகாணத்தில் தாஹோ ஆற்றங்கரையில் உள்ள ஊர். 16ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பெலிப்பே மன்னரின் எஸ்கோரியல் மாளிகைக்கு ஓடுகள் போனது இங்கிருந்துதான். ஒருமுறை சூளையில் சுட்ட தட்டை, வெள்ளீய ஆக்சைடு கலந்த வெள்ளைக் கரைசலில் முக்கி எடுக்கிறார்கள். அது காய்ந்ததும் மேலே மாவு பூசியதுபோல் ஒரு படலம் நிற்கும். ஊசியால் துளையிட்ட காகிதத்தை அதன்மேல் வைத்து, கரித்தூள் பொட்டலத்தால் லேசாகத் தட்டினால் ஓவியத்தின் கோடு புள்ளி புள்ளியாக இறங்கும். பிறகு தூரிகை. நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குத் தாமிரம், மஞ்சளுக்கு ஆன்டிமனி, ஊதா கலந்த பழுப்புக்கு மாங்கனீசு. காய்ந்த பூச்சு ஈரத்தை உடனே உறிஞ்சிவிடுவதால் வைத்த கோடு வைத்ததுதான். அழித்துத் திருத்துவதற்கு வழியில்லை. கை நடுங்கினால் தட்டு போச்சு. இரண்டாம் முறை சூளைக்குப் போய் வந்த பிறகுதான் நிறம் கண் திறக்கும்.

19ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய அணைந்துபோன இந்தத் தொழிலை, 1908இல் பட்டறை தொடங்கி மீட்டவர் ஹுவான் ருயிஸ் தே லூனா. அவர் பெயரில் அந்த ஊரில் அருங்காட்சியகமே இருக்கிறது. 2019இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, மெக்சிகோவின் புவெப்லாவும் த்லஸ்கலாவும் கூடவே இடம்பெற்றன. ஸ்பானியர் கடல் தாண்டிக் கொண்டுபோன கலை அங்கே வேரூன்றிவிட்டது.

அதே பட்டியலில் தலவேராவோடு சேர்த்து எழுதப்பட்ட பக்கத்து ஊர், எல் புவெந்தே தெல் அர்சோபிஸ்போ. அங்கே பச்சைதான் ராஜா. மரங்கள், ஓடும் முயல், மான் என்று கோடுகள் கொஞ்சம் முரடாக, ஆனால் துள்ளலாக இருக்கும். மன்னருக்குப் போன பாண்டத்தைவிட இந்த முயல்தான் எனக்குப் பிடிக்கும். சுவரில் மாட்ட ஒன்று வேண்டும் என்பவர்கள் தலவேராவில் நிற்காமல் புவெந்தே வரை போய்விடுவது நல்லது.

மாட்டுவதற்கு என்றுதான் சொன்னேன், கவனியுங்கள். இந்தத் தட்டில் யாரும் தினமும் சோறு போட்டுச் சாப்பிடுவதில்லை. அதோடு, பட்டறையில் வனைகிறவர் ஒருவர், தீட்டுகிறவர் ஒருவர். பேர் வாங்குவது தூரிகை பிடித்தவர். அச்சிட்ட படத்தை ஒட்டிச் சுட்ட போலிகளும் கடையில் கலந்து கிடக்கும். கையால் தீட்டியதில் ஒரே கோடு ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளிறியும் ஓடும். இரண்டு தட்டுகளை அருகருகே வைத்தால் ஒரு பூவாவது மாறியிருக்கும்.

பொதீஹோ இதற்கு நேர் எதிர். வண்ணமும் கிடையாது, சூட்டில் கண்ணாடிபோல் உருகிப் படியும் மெருகும் கிடையாது. வயிறு பெருத்த கூஜா. மேலே கைப்பிடி, ஒரு பக்கம் நீர் நிரப்ப வாய், மறுபக்கம் சின்ன மூக்கு. தூக்கிப் பிடித்து, உதடு படாமல் அண்ணாந்து குடிக்க வேண்டியதுதான். அலிகாந்தே மாகாணத்து அகோஸ்ட் ஊரில் களிமண்ணோடு உப்பைக் கலப்பார்கள். சுட்டு எடுத்தால் பாண்டம் வெளுத்து, நுண்துளைகளோடு வரும். அந்தத் துளைகள் வழியே நீர் கசிந்து, ஆவியாகி, உள்ளே இருப்பதைக் குளிர்விக்கிறது. மத்ரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கப்ரியேல் பிந்தோவும் ஹோசே இக்னாசியோ சுபிசரெத்தாவும் இதற்குச் சமன்பாடுகளே எழுதினார்கள். அவர்கள் சோதனையில் 7 மணி நேரத்தில் நீரின் வெப்பம் சுமார் 15 டிகிரி இறங்கியது.

முதல்முறை நிரப்பும்போது சோம்பு மணக்கும் மதுவைக் கொஞ்சம் விட்டு மண்வாடையைப் போக்குவது ஸ்பானியர் வழக்கம். விலை குறைவு, வேலை கச்சிதம். ஆனால் வறண்ட காற்றில்தான் இதன் ஜம்பம் பலிக்கும். சென்னையின் புழுக்கத்தில் அதே பொதீஹோவை வைத்தால் அவ்வளவு குளிர்ச்சியை எதிர்பார்க்க வேண்டாம். இன்னொன்று: முழுக்க மெருகேற்றிப் பூப்போட்ட பொதீஹோ கடையில் கண்ணைப் பறிக்கும். துளையெல்லாம் அடைபட்ட பிறகு அது எங்கே குளிர்விக்கப் போகிறது? வெறும் பொம்மை.

இப்போது சட்டி. சமோரா மாகாணத்தில் பெரெருவேலா என்று ஒரு சிற்றூர். இங்கே தலைமுறை தலைமுறையாக வனைந்தவர்கள் பெண்கள். மண்ணை வெட்டிச் சுமப்பதும் சட்டிகளை ஊர் ஊராக விற்பதும் ஆண்கள் வேலை. காலால் உதைக்கும் உயர்ந்த சக்கரம் இவர்களிடம் இருக்கவில்லை. தரையோடு கிடக்கும் சின்னச் சக்கரத்தின்முன் தாழ உட்கார்ந்து, ஒரு கையால் அதைத் தள்ளிக்கொண்டே, மண்ணைக் கயிறுபோல் உருட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மறு கையால் சுவரை எழுப்ப வேண்டும். அப்படி எழுந்த சுவர் தடியாக இருக்கும். சூட்சுமம் மண்ணில் இருக்கிறது. வளைந்து கொடுக்கச் செம்மண், தீயைத் தாங்க வெள்ளை மண், இரண்டையும் கலந்து பிசைவார்கள். அதனால்தான் விறகடுப்பின் சூட்டில் சட்டி வெடிப்பதில்லை. உள்பக்கம் மட்டும் மெருகு. வெளியே வெறும் மண்.

காஸ்தில் பகுதியில் பால்குடி மறவாத ஆட்டுக்குட்டியை வாட்டுவது இப்படிப்பட்ட மண்தட்டில் வைத்துத்தான். வீட்டு முற்றத்தில் வைக்கும் குவிமாட அடுப்புகளையும் இதே ஊரார் இதே மண்ணில் செய்கிறார்கள். இன்று மின்சக்கரம் வந்துவிட்டது, ஆண்களும் வனைகிறார்கள். மண் கலவை மாறவில்லை. யுனெஸ்கோ பட்டியலும் இல்லை, அரண்மனைக் கதையும் இல்லை. அந்தப் பெண்களின் பெயர்களைப் பாண்டத்தில் யாரும் எழுதி வைக்கவுமில்லை. ஆனாலும் மண்ணைக் கலப்பது முதல் தீயில் நிற்பது வரை முழுப் பாண்டமும் கையறிவில்தான் நிற்கிறது. தலவேராவில் ஓவியத்தை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு தட்டு. இங்கே எடுப்பதற்கு எதுவும் இல்லை.

உபேதா ஊரின் கரும்பச்சைப் பாண்டம், மனிசேஸ் ஊரின் பொன்போல் மினுங்கும் பாண்டம் இரண்டும் அழகு, ஆனால் அலமாரிக்கு. போட்டியில் அவற்றைச் சேர்க்கவில்லை.

ஆக, சுவருக்கு என்றால் புவெந்தே, வறண்ட ஊரில் குடியிருந்தால் பொதீஹோ, ஒன்றே ஒன்றுதான் என்றால் பெரெருவேலாச் சட்டி. கனம் அதிகம் என்பதால் விமானப் பெட்டியில் சின்னதே போதும். நன்றாக ஊறவைத்து, சிறு தீயில் பழக்கிய பிறகு முழுச் சூட்டுக்குக் கொண்டுபோங்கள். வாங்குவது புதுச்சட்டியாகவே இருக்கட்டும். அந்தக் காலத்து மெருகில் ஈயம் சேர்ப்பது வழக்கம். 1984இன் ஐரோப்பிய விதிப்படி சமையல் பாண்டத்திலிருந்து கசியும் ஈயம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பழம்பொருள் சந்தையில் கிடைக்கும் பாட்டி காலத்துச் சட்டிக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. அதை வாங்கினால் பூச்செடி வையுங்கள், புளிக்குழம்பு வைக்காதீர்கள்.