ஷாக் அப்சார்பர் மாற்றப் போகிறீர்களா? 8,600 ரூபாயைத் தொலைத்தவன் எழுதுகிறேன்

பொலேரோ பிக்கப் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். கடைக்காரர் ஏதாவது வழி செய்வார் என்று நேற்று வரை நம்பியிருந்தேன். நான்கு ஷாக்குக்கு 8,600 ரூபாய், கூலி தனி. எல்லாம் போச்சு.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி ஏற்றி, பழனி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போகிற வண்டி. வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்பக்கம் மூன்று நான்கு தடவை தூக்கிப் போட்டது. பழைய ஷாக்குகளில் எண்ணெய் கசிவு. சரி, நாலையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று பைபாஸ் ஓரத்தில் இருக்கிற ஒரு உதிரிபாகக் கடைக்குப் போனேன்.

கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்து, அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒன்றைக் கையிலேயே கொடுத்தார். பளபளவென்று கறுப்பு பெயின்ட், பெட்டியில் ஹாலோகிராம் ஸ்டிக்கர். "கேஸ் ஷாக்குண்ணே, ஒரிஜினல். எங்க அப்பா காலத்துக் கடை. தப்பான சரக்கைக் கொடுத்துட்டு இதே ஊர்ல நாங்க இருக்க முடியுமா?" என்றார். இந்த ஒரு பேச்சுக்காகத்தான் வேறு கடை ஏறாமல் அங்கேயே வாங்கினேன். பில் கேட்டேன். ஜிஎஸ்டி போட்டால் விலை கூடும் என்று ஒரு எஸ்டிமேட் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

பதினோராவது நாள் மறுபடி அதே ஆட்டம். அடிப்பெட்டித் தக்காளி நசுங்கிச் சாறு ஒழுகியது. கீழே படுத்துப் பார்த்தால் இடது பின் ஷாக் முழுக்க எண்ணெய், அதன்மேல் புழுதி அப்பிச் சேறாக இருந்தது. கழற்றித் துடைத்துச் சாவியால் சுரண்டினேன். கறுப்புக்கு அடியில் நீலப் பெயின்ட், அதற்கும் அடியில் துரு. யாரோ கழற்றிப் போட்ட பழசுக்கு எண்ணெய் ஊற்றி, பெயின்ட் அடித்து, புதுப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள்.

கொண்டுபோய்க் காட்டினால், "ஓவர்லோடு அடிச்சிருப்பீங்கண்ணே" என்றார். எடைமேடைச் சீட்டை எடுத்து வைத்தேன், ஆர்சி எடைக்குள்தான் ஏற்றியிருக்கிறேன். அதோடு பாரத்தைத் தாங்குவது கமான் பட்டை, அதாவது அச்சோடு கட்டியிருக்கிற வளைந்த இரும்புப் பட்டை அடுக்கு. பட்டை ஆடுவதை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. இதைச் சொன்னதும் பேச்சு மாறியது. "கம்பெனிக்கு அனுப்பணும், பத்து நாள் ஆகும்" என்றார். அப்புறம் "ஓனர் வெளியூர்" என்றார்கள். அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. நேற்று நேரில் போனேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எங்க கடைப் பேரே இல்லையேண்ணே" என்றார். 8,600 ரூபாய் வாங்கியவர், என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்!

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு ஓடவில்லை. இவ்வளவாவது செய்யுங்கள். ஷாக்குக்குள் போய் வருகிற தண்டு கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், கீறல் இருந்தாலோ, சீல் ஓரத்தில் பெயின்ட் பட்டிருந்தாலோ வேண்டாம். கேஸ் ஷாக் (எண்ணெயோடு அழுத்தமான வாயுவும் அடைத்தது) என்றால் கடையிலேயே அமுக்கிப் பாருங்கள், விட்டதும் தானாக மேலே வர வேண்டும். என்னுடையது அமுக்கிய இடத்திலேயே நின்றது. பெட்டியில் உள்ள பார்ட் நம்பர் உங்கள் மாடலுக்கு உரியதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

பணம் அனுப்பிய பதிவு போனில் இருக்கிறது. அதை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் இன்று புகார் செய்யப் போகிறேன். நாலு ஷாக்கும் திண்ணையில்தான் கிடக்கின்றன. சுரண்டிய இடத்தின் படம் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.