தண்ணீர் வாளியோடு கடந்துபோகும் ரத்தன்: சத்யஜித் ராயின் 'தீன் கன்யா'

'தீன் கன்யா' என்றால் வங்காள மொழியில் மூன்று பெண்கள் என்று பொருள். இரவீந்திரநாத் தாகூர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1961இல், அவருடைய சிறுகதைகளில் மூன்றைத் தேர்ந்து சத்யஜித் ராய் இயக்கிய இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை, மழை விடாமல் பெய்த இரண்டு இரவுகளில், இலங்கை மலையகத்தில் ஹற்றனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலுள்ள எங்கள் வீட்டில் அம்மாவோடு இருந்து பார்த்தேன். மூன்று கதைகளும் சேர்ந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடுகின்றன. முதலாவதாக வரும் 'போஸ்ட்மாஸ்டர்' ஒன்றுக்காகவே மலையகத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் இந்தப் படத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். மற்ற இரண்டைப் பற்றியும் எனக்கு அந்த அளவு உறுதியில்லை.

கல்கத்தாவில் வளர்ந்த நந்தலால் என்னும் இளைஞன் ஒரு குக்கிராமத்துத் தபாற்கந்தோருக்குத் தபாலதிபராக வந்து சேர்கிறான். அவனுக்குச் சமைக்கவும் தண்ணீர் எடுக்கவும் ரத்தன் என்ற அநாதைச் சிறுமி அங்கே இருக்கிறாள். முன்பிருந்தவருக்கு வேலை செய்தவள் இவனுக்கும் செய்கிறாள்; கந்தோரின் மேசை நாற்காலியோடு அவளும் கைமாறுகிறாள் என்றே சொல்லலாம். மாலையில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாத நந்தலால் அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்குகிறான். தன்னிடம் ஒருவர் ஊர் பெயர் விசாரித்துப் பேசுவதே அந்தப் பிள்ளைக்குப் புதிது. அவன் மலேரியாவில் விழுந்தபோது பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறாள். உடம்பு தேறியதும் இந்த ஊர் வேண்டாம் என்று அவன் புறப்பட்டுவிடுகிறான். கதை இவ்வளவுதான்.

தாகூர் இதை 1891இல் எழுதினார். அவருடைய கதையில் ரத்தன் தன்னையும் கூட்டிப்போகும்படி கேட்கிறாள். அது எப்படி முடியும் என்று அவன் சிரித்துவிடுகிறான். போகும்போது அவன் காசு நீட்ட, அவள் காலில் விழுந்து, எனக்கு ஒன்றும் தர வேண்டாம் என்று அழுதுவிட்டு ஓடிப்போகிறாள். படகில் ஏறிய பிறகு, வாழ்க்கையில் எத்தனை பிரிவுகள், எத்தனை மரணங்கள் என்று அவன் தன்னைத் தேற்றிக்கொள்கிறான். அந்தத் தத்துவம் எதுவும் கைவராத ரத்தனோ தபாற்கந்தோரைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். ராய் இந்த முடிவை அப்படியே எடுக்கவில்லை. படத்தில் ரத்தன் கெஞ்சுவதில்லை, காலில் விழுவதில்லை. அவளுக்குக் கொடுப்பதற்காக நந்தலால் காசைக் கையில் எடுத்து வைத்திருக்கும்போது, கனத்த தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் அவனைக் கடந்து போகிறாள். திரும்பிப் பார்ப்பதில்லை. சற்று நேரத்தில், புதிதாக வந்த தபாலதிபரிடம் தண்ணீர் கொண்டுவந்துவிட்டேன் என்று அவள் சொல்லும் குரல் மட்டும் கேட்கிறது. கையிலிருந்த காசைப் பார்த்துவிட்டு அதை அவன் மீண்டும் பைக்குள் வைத்துக்கொள்கிறான்.

அந்த இடத்தில்தான் அம்மா, "காசு வாங்காமப் போறா பாத்தியா" என்று மெல்லச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வாளி ரொம்ப கனக்கும்" என்றார். பதினொரு வயதில் பள்ளிக்கூடத்தை நிறுத்தி, கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டவர் அவர். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அப்படிப் போனார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலேயே அப்படிப் போய் வந்தவர்களை நான் அறிவேன். போன இடத்தில் நல்லவர்களும் இருந்தார்கள், எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள்கூட இருந்தார்கள் என்று அம்மா சொல்வதுண்டு. இருந்தாலும் அந்த வீட்டார் வேறு ஊருக்குக் குடிபோனபோது அவரைக் கூட்டிப்போகவில்லை. பஸ் காசு கொடுத்துத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா அதை வாங்கிக்கொண்டு வந்தவர். ரத்தன் வாங்காமல் போனதை அவர் எப்படிப் பார்த்தார் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

தாகூரின் முடிவைவிட ராயின் முடிவே என் மனத்துக்கு நெருங்கியது. கதையில் கடைசிச் சொல் ஆசிரியருடையதாகிவிடுகிறது; பேதை மனித நெஞ்சே என்று அவர் இரங்கி முடிக்கும்போது ரத்தன் நம்முடைய இரக்கத்துக்குரியவளாக நின்றுவிடுகிறாள். படத்திலோ இரக்கப்படுவதற்கு அவள் நமக்கு நேரமே தருவதில்லை. அழுத கண்ணோடும் வேலையைச் செய்துகொண்டு போகிறாள், ஏனென்றால் புதிதாக வந்தவருக்கும் தண்ணீர் வேண்டும். பீலியில் வரிசையில் நின்று தண்ணீர் சுமந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நந்தலாலையும் ராய் கெட்டவனாகக் காட்டவில்லை என்பது முக்கியம். அனில் சட்டர்ஜி அந்தப் பாத்திரத்தை நடித்திருக்கும் விதத்தில், தனிமையும் பயமும் கொண்ட சாதாரண நகரத்துப் பையனே தெரிகிறான். எங்கள் பாடசாலைகளுக்குக் கஷ்டப் பிரதேசம் என்ற பெயரில் நியமனம் பெற்று வந்து, குளிருக்கும் அட்டைக்கும் பயந்து நாட்களை எண்ணி, இடமாற்றம் கிடைத்ததும் போன ஆசிரியர்களை நினைத்துக்கொண்டேன். அவர்களில் சிலர் மிக நன்றாகப் படிப்பித்தார்கள். போகிற அன்று வகுப்பில் முன்வரிசையில் இருந்த பிள்ளைகளின் முகத்தை அவர்கள் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. நந்தலால் பார்க்கிறான், அதுவும் தாமதமாக. அந்தச் சில வினாடிகளை அனில் சட்டர்ஜி ஒரு சொல்லும் இல்லாமல் முகத்தாலேயே தாங்குகிறார். ரத்தனாக வரும் சந்தனா பானர்ஜி நடிக்கிறாள் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை.

இரண்டாவது கதை 'மணிஹாரா' ஒரு பேய்க்கதை. நகைமேல் தீராத ஆசை கொண்ட மணிமாலிகா, கணவனின் தொழில் நொடிந்தபோது தன் நகைகளை அவன் கேட்டுவிடுவானோ என்று அஞ்சி, அவற்றோடு வீட்டை விட்டுப் போய் மறைகிறாள். பெரிய வீடும் அதன் இருட்டும் நன்றாக இருக்கின்றன. மணிமாலிகாவாக வரும் கனிகா மஜும்தாரின் பார்வையில் உள்ள குளிர்ச்சியும் நன்று. ஆனால் கதை நீண்டுகொண்டே போகிறது, கடைசியில் வரும் எலும்புக் கை இன்றைய பிள்ளைகளைப் பயமுறுத்தாது. வெளிநாடுகளுக்குப் போன பிரதியில் இந்தக் கதையை நீக்கிவிட்டு, 'இரண்டு புதல்விகள்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் திரையிட்டார்கள். அந்தப் பிரதியைவிட முழுப் பிரதியைத் தேடிப் பார்ப்பதே சரி, தலைப்பு மூன்று பெண்களைச் சொல்கிறதல்லவா.

'சமாப்தி' மூன்றிலும் உற்சாகமானது. பரீட்சை முடித்து ஊருக்கு வரும் அமூல்யா படகிலிருந்து இறங்கியதும் சேற்றில் வழுக்கி விழ, ஊர் சுற்றும் மிருண்மயி அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். பளபளக்கும் சப்பாத்தோடு சேற்றுப் பாதையில் கவனமாக அடியெடுத்து வைக்கும், அமூல்யாவாக வரும் சௌமித்ர சட்டர்ஜியைப் பார்த்து நாங்களும் வாய்விட்டுச் சிரித்தோம். கம்பஸிலிருந்து விடுமுறைக்கு வரும் எங்கள் பையன்கள் மழை நாளில் லயத்துக்கு ஏறும் காட்சி அதுவேதான். மிருண்மயியாக வரும் அபர்ணா சென்னுக்கு இது முதற்படம், அப்போது அவருக்குப் பதினைந்து வயது. அமூல்யாவுக்கே கட்டிவைக்கப்படும் மிருண்மயி திருமண இரவில் மரத்தின் வழியாக இறங்கிப்போய் ஆற்றங்கரை ஊஞ்சலில் தனியாக ஆடும் காட்சியை மறக்க முடியாது.

ஆனால் அதற்குப் பிறகு நடப்பதை என்னால் முழு மனத்தோடு ஏற்க முடியவில்லை. விருப்பம் கேளாமல் கட்டிவைக்கப்பட்ட ஒரு சிறு பெண்ணுக்குக் கணவன் மேல் காதல் வந்துவிட வேண்டும் என்று கதை அவசரப்படுகிறது. அவள் வளர்த்த அணில் இறப்பதையே அந்த மாற்றத்தின் அடையாளமாக ராய் வைத்திருக்கிறார், அழகாகத்தான் வைத்திருக்கிறார். இருந்தும், படிப்பை விட்டுச் சிறு வயதில் கல்யாணமாகிப் போன என் வகுப்புத் தோழிகளை அறிந்த எனக்கு, அந்த அணிலோடு வேறு ஏதோவும் புதைக்கப்பட்டதாகத் தோன்றியது. கடைசியில் அவள் மரமேறியே அவன் அறைக்கு வந்து நிற்பது ஒரு சிறிய ஆறுதல்.

முந்திய படங்களுக்கு ரவிசங்கர், விலாயத் கான், அலி அக்பர் கான் போன்றவர்களிடம் இசையை ஒப்படைத்திருந்த ராய், தாமே இசையமைத்த முதற்படம் இது. அதை அவர் சிக்கனமாகவே பயன்படுத்துகிறார். வழக்கமான ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவுக்குக் கண்ணில் கோளாறு ஏற்பட்டதால் பொறுப்பேற்ற சௌமேந்து ராய், ரத்தனின் முகத்தில் விழும் வெளிச்சத்தை அவ்வளவு நிதானமாகப் பிடித்திருக்கிறார்.

நான் பார்த்த பிரதியில் ஆங்கில சப்டைட்டில் மட்டுமே இருந்தது, தமிழில் இல்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தேன். 'போஸ்ட்மாஸ்டர்' ஓடத் தொடங்கிச் சிறிது நேரத்தில், சொல்ல வேண்டாம், விளங்குகிறது என்று கையைக் காட்டிவிட்டார். 'சமாப்தி'க்கும் பெரிதாகத் தேவைப்படவில்லை. ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லும் கதையாகவே அமைந்த 'மணிஹாரா'வுக்கு மட்டும் பக்கத்தில் ஆள் இருந்து சொல்ல வேண்டும். மூன்றையும் ஒரே இரவில் பார்க்காமல், முதற்கதை முடிந்ததும் நிறுத்திவிட்டு மற்ற இரண்டையும் மறுநாளைக்கு வைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.