யூரியா மூட்டையோடு வந்த பாட்டில்

சென்ற குறுவைக்கு நாலு மூட்டை யூரியா வாங்கப் போனேன். கடைக்காரர் மானிய உரத்துக்குக் கைரேகை பதியும் பிஓஎஸ் கருவியில் விரலை வைக்கச் சொல்லிவிட்டு, மூட்டை மேல் இரண்டு பாட்டிலையும் வைத்தார். "கடல்பாசிச் சாறுண்ணே, பயிர் ஊக்கி. இது இல்லாம யூரியா கொடுக்கக் கூடாதுன்னு மேலேயிருந்து உத்தரவு." மேலே என்றால் யார் என்று கேட்டதற்குச் சிரித்தார். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அரை லிட்டர் பாட்டில் 680. யூரியாவுக்குக் கொடுத்ததைவிடப் பாட்டிலுக்குக் கொடுத்தது அதிகம்.

அதோடு விட்டிருந்தால் காசோடு போயிருக்கும். "இதை அடிச்சா மேலுரம் பாதி போதும், மண்ணுல இருக்கறதையெல்லாம் வேர் இழுத்துக்கும்" என்றார். நம்பினேன், அது என் தப்பு. ஆறு மா நிலத்துக்கும் (இரண்டு ஏக்கர்) மேலுரமான யூரியாவைப் பாதியாகக் குறைத்து இட்டு, மறுநாள் ஒரு பாட்டிலைக் கலந்து தெளித்தோம். இன்னொன்றைக் கதிர் வரும்போது அடிக்கச் சொல்லியிருந்தார். மோட்டார் கொட்டகைப் பக்கம் வருவதற்குள் மருந்து தீர்ந்து, ஒரு மூலை விட்டுப்போனது.

பத்து நாள் கழித்து, இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்து போதுமா என்று காட்டும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்தேன். நான் நட்ட கோ 51 நெல் ரகத்துக்கு 4ஆம் நிறம் இருக்க வேண்டும். 3ஐத் தாண்டவில்லை. சரி, விட்டுப்போன மூலை இன்னும் மோசமாக இருக்கும் என்று போனால், அங்கேயும் அதே வெளிறல்தான். பாட்டில் அடித்ததற்கும் அடிக்காததற்கும் வித்தியாசமே இல்லை. அவசரமாக மீதி யூரியாவை இட்டும் பயிர் பக்கத்தில் கிளைத்துத் தூர் கட்டும் நாள் கடந்துவிட்டது. மாவுக்கு இரண்டு மூட்டை நெல் குறைந்தது.

கடல்பாசிச் சாறே பொய் என்று சொல்லவில்லை. நானே வருஷா வருஷம் பத்து லிட்டர் டேங்குக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் அடிக்கிறவன்தான். ஆனால் ஊக்கி என்பது இருக்கிற சத்தை எடுக்கப் பயிருக்கு உதவுவது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்). அதைக் குறைத்துவிட்டு எதை எடுக்கச் சொல்வது?

அப்புறம்தான் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். 'இயற்கைச் சத்துகள்' என்று இருந்தது, எது எத்தனை சதவீதம் என்று இல்லை. தொகுதி எண் (பேட்ச் நம்பர்) தனி ஸ்டிக்கர். நகத்தால் கீறினால் அடியில் வேறொரு பெயர்! 2021லேயே இந்த மாதிரி உயிர் ஊக்கிகளை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அதுவரை விற்க அனுமதித்த தற்காலிகப் பதிவுகளின் காலமும் 2025 ஜூனோடு முடிந்தது. அடுத்த மாதமே மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான், சுமார் 30,000 ஊக்கிகள் கட்டுப்பாடில்லாமல் விற்கப்பட்டு வந்ததாகச் சொன்னார். மானிய உரத்தோடு இவற்றைக் கட்டாயப்படுத்தி விற்பதைத் தடுக்கச் சொல்லி முதலமைச்சர்களுக்குக் கடிதமும் எழுதினார். ஆக, மேலேயிருந்து வந்தது கடைக்காரர் சொன்னதற்கு நேர் எதிரானது.

இதையெல்லாம் சொல்லி வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போனேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, பில் கேட்டார். எடுத்து நீட்டினேன். கருவி அடித்த பில்லில் நாலு மூட்டை யூரியா மட்டும் இருந்தது. பாட்டில் கணக்கு ஒரு துண்டுத் தாளில், கடைப் பெயர்கூட இல்லாமல், பேனாவால் 1360 என்று. "இதை வச்சு என்னங்க செய்யறது?" என்றார். உங்களுக்கும் பாட்டிலை நீட்டினால், பணம் கொடுக்கும் முன் அதற்கும் அச்சடித்த பில் கேளுங்கள். தர மறுத்தால் கடை வாசலிலிருந்தே கிசான் கால் சென்டரின் 1800 180 1551க்குப் போன் போடுங்கள், காசு கிடையாது.

பிரிக்காத இரண்டாவது பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "நம்ம கடையில வாங்கினதா இது?" என்றார்.