இரட்டைக் கோடுகளைக் களைய ரைனோவா, ஆட்டோகேடா, லைட்பர்னா?

தைப்பூசம் நெருங்கினால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் லேசர் வெட்டும் பட்டறைகளுக்குக் காவடி வேலை வந்து குவியும். மயில், வேல், ஓம், வளைவின் ஓரத்துக்குப் பூவேலை. அந்நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வரும் டிஎக்ஸ்எஃப் வரைபடக் கோப்பைத் திறந்தால் பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருக்கும். 3 மி.மீ. எம்டிஎஃப் (அழுத்திய மரநார்) பலகையில் ஓட்டும்போதுதான் குட்டு உடையும். மயிலின் கழுத்துக்கோடு மட்டும் கருகி அகலமாகியிருக்கும். அங்கே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோடுகள். லேசர் இருமுறை போயிருக்கிறது.

காவடி இருபுறமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதால் பாதியை வரைந்து மிரர் (கண்ணாடிப் பிம்பம்போல் மறுபக்க நகல்) செய்கிறார்கள். நடு அச்சிலேயே கிடக்கும் கோடு அப்போது தன் மேலேயே நகலாகிவிடும். பூவை வட்டமாக அடுக்கும்போது 0 பாகையிலும் 360 பாகையிலும் இதழ் வைத்தால் அங்கும் அதே கதைதான்.

ரைனோ என்ற வரைகலை மென்பொருளில் இதற்கு செல்டப் என்ற கட்டளை இருக்கிறது. எதையும் அழிக்காது. ஒரே மாதிரி வளைவுகளில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைத் தேர்ந்தெடுத்துக் காட்டும். பார்த்துவிட்டு நாமே டிலீட் அழுத்தலாம். அடுத்தவர் வரைந்து கொடுத்த சாமி உருவத்தில் கை வைக்கும்போது இதைவிட வேறென்ன வேண்டும்? அதன் பக்கத்திலேயே செல்டப்ஆல் என்று இன்னொன்று உண்டு. அது மூலக்கோட்டையும் சேர்த்துப் பிடிக்கும். அவசரத்தில் இரண்டையும் மாற்றி அடித்தால் மயிலுக்குக் கழுத்தே இருக்காது.

செல்டப்புக்கும் எல்லை இருக்கிறது. அச்சு அசலாக ஒன்றானால்தான் பிடிக்கும். 100 மி.மீ. கோட்டின் மேல் 60 மி.மீ. கோடு கிடந்தால் கண்டுகொள்ளாது. ஒரு வடிவம் பாலிலைனாகவும் (பல துண்டுகள் சேர்ந்த ஒரே கோடு) அதன் நகல் தனித்தனித் துண்டுகளாகவும் இருந்தாலும் தப்பிவிடும். அதனால் முதலில் எல்லாவற்றையும் எக்ஸ்ப்ளோட் செய்து (துண்டுகளாகப் பிரித்து), செல்டப் ஓட்டி, தேர்வானதை அழித்து, ஜாயின் செய்ய (மீண்டும் இணைக்க) வேண்டும். கடைசியில் செல்ஓபன்கர்வ் அடித்தால் மூடாமல் நிற்கும் வளைவு எது என்று தெரிந்துவிடும்.

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் ஓவர்கில் கட்டளைக்கு எதிர் குணம். தேர்ந்தெடுத்துக் காட்டாது, நேரே அழித்துவிடும். எத்தனை நகல், எத்தனை மேற்படிந்த துண்டு போயின என்று கட்டளை வரியில் கணக்கு மட்டும் சொல்லும். ஆனால் ரைனோ கைவிடும் இடத்தில்தான் இதன் பலமே. பாதி ஏறிக் கிடக்கும் நேர்கோடுகளை ஒன்றாக்கும். முனையோடு முனை தொடும் துண்டுகளையும் இணைக்கும். கோடு, வில், பாலிலைன் இவற்றில் கெட்டிக்காரன். லேயரோ (கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்கு) நிறமோ வேறானால் நகலாகக் கருதாது. அதைப் பொருட்படுத்தாதே என்று நாம் டிக் செய்ய வேண்டும். வெட்டுக் கோடும் செதுக்குக் கோடும் தனித்தனி லேயரில் இருக்கும் கோப்பில் அந்த டிக்கை யோசிக்காமல் வைக்கக் கூடாது.

எவ்வளவு இடைவெளி வரை ஒன்றாகக் கருதலாம் என்று சொல்லும் டாலரன்ஸ்தான் பெரிய ஆபத்து. அது 0.000001 என்றே வரும். பொறுமையிழந்து 0.5 என்று ஏற்றினால், 0.4 மி.மீ. இடைவெளியில் வரைந்த மயிலிறகுக் கோடுகளையும் நகல் என்று தின்றுவிடலாம். ஒரு ஓவியரின் கைவேலை அது. ஏற்றுவதானால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

லேசர் இயந்திரத்தை இயக்கும் லைட்பர்ன் மென்பொருளில் ஆல்ட்+டி அழுத்தினால் நகல்கள் போய்விடும். மேற்படிந்த கோடுகளை வெட்டாமல் தவிர்க்க ஆப்டிமைசேஷன் அமைப்பிலும் ஒரு வசதி உண்டு. அது இயந்திரத்துக்கு அனுப்பும்போது மட்டும் வேலை செய்கிறது, வரைபடத்தைத் திருத்துவதில்லை. அதே கோப்பு நாளை வேறு பட்டறையின் ரவுட்டருக்கு (சுழலும் உளியால் வெட்டும் இயந்திரம்) போனால் பழைய தொல்லைதான். கடைசி வலையாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

கோலம், இறகு, தெய்வ உருவம் என்று நெளிவு மிகுந்த வேலைக்கு என் கை ரைனோவுக்குத்தான் போகும். காவடியின் அடிச்சட்டம், கடைப் பெயர்ப்பலகை, கட்டடத் திட்டம் போன்ற நேர்கோட்டு வேலைக்கு ஓவர்கில்லை மிஞ்ச ஆளில்லை. ஆட்டோகேடுக்குச் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ரைனோ ஒருமுறை வாங்கினால் நம்முடையது. ரேண்டில் சம்பாதிக்கும் சிறு பட்டறைக்கு அது சின்ன வித்தியாசமில்லை. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் ரைனோவை வாங்குங்கள், பாதி ஏறிய கோடுகளைக் கையால் பார்த்துக் களையுங்கள்.