கம்ப்யூட்டர் செய்த வேலையை மேஜையில் யார் செய்வது? வீடியோ கேமிலிருந்து வந்த ஐந்து போர்ட் கேம்கள்

வீடியோ கேமிலிருந்து வந்த போர்ட் கேம் பெட்டியைக் கையில் எடுத்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது உள்ளே இருக்கும் பொம்மைகளைத்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். நாலைந்து பெட்டிகளைத் திறந்து டோக்கன் பிரித்து விரல் நொந்த பிறகு, இப்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்: திரைக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலையை இங்கே யார் செய்யப்போகிறார்கள்? எதிரியை நகர்த்துவது, அடிபட்டதைக் கழிப்பது, அடுத்து என்ன வரும் என்று தீர்மானிப்பது எல்லாம் திரையில் நொடியில் முடிந்துவிடும். மேஜையில் அது யாராவது ஒருவர் தலையில் விழும், பெரும்பாலும் விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டு வந்த பாவப்பட்ட ஆளின் தலையில். எங்கள் கூட்டத்தில் அந்த ஆள் நான்.

கொஞ்சம் தவறினாலும் உயிர் போகும் சண்டை ஆட்டமான டார்க் சோல்ஸ் இந்த வேலை முழுவதையும் ஆட்டக்காரர்களிடமே கொடுத்துவிடுகிறது. 2016ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் 37 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டி, 2017ல் வெளிவந்தது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பத்துக் கட்டங்கள் கொண்ட ஒரு சின்னப் பட்டை. ஓடினாலோ ஓங்கி அடித்தாலோ இடது பக்கத்திலிருந்து கறுப்புக் கட்டைகள் ஏறும், அடி வாங்கினால் வலது பக்கத்திலிருந்து சிவப்புக் கட்டைகள் ஏறும், இரண்டும் சேர்ந்து பட்டையை நிரப்பினால் ஆள் காலி. மூச்சும் உயிரும் ஒன்றுதான் என்ற டார்க் சோல்ஸின் பயத்தை விரலால் தள்ளும் மரக்கட்டைகளில் கொண்டுவந்திருக்கிறார்கள். பாஸ், அதாவது கடைசியில் நிற்கும் பெரிய எதிரியுடனான சண்டையும் அப்படியே: பாஸின் சீட்டுகள் ஒருமுறை தீர்ந்தால் கலைக்காமல் அதே வரிசையில் திரும்ப வரும், அதனால் "அடுத்து இடப்பக்கம் வீசுவான், நகரு" என்று நாமே கத்த ஆரம்பிக்கிறோம். உயிர் ஒரு அளவுக்குக் குறைந்ததும் பாஸ் சூடேறி, புதுச் சீட்டு ஒன்று சேர்ந்து வரிசை கலைந்து மனப்பாடமெல்லாம் பாழாகும்போது வரும் வயிற்றைக் கலக்கும் உணர்வு அசலிலும் உண்டு.

ஆனால் அந்தப் பாஸிடம் போய்ச் சேருவதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஒரு அறையைச் சுத்தம் செய்தால் தலைக்கு இரண்டு சோல்கள் (இங்கே காசு மாதிரி), ஒரு சோலுக்கு ஒரு பொருள் என்று எடுத்தால் நமக்குத் தூக்க முடியாத கோடாரி வரும். திரும்ப நெருப்பருகே உட்கார்ந்து எழுந்தால் அதே அறைகளில் அதே எதிரிகள். திரையில் கை பழகிப்போய் இதே அறையை நாற்பது நொடியில் தாண்டிவிடுவேன், இங்கே அரை மணி நேரம். பலர் வீட்டு விதியாக சோல்களை இரட்டிப்பாக்கிக்கொண்டு விளையாடுகிறார்கள், நாங்களும் அப்படித்தான். அப்படிச் செய்யாமல் முழுதாக முடித்தவர்களுக்கு என் வணக்கம்.

அணுப்போருக்குப் பிந்தைய உலகில் நடக்கும் ஃபால்அவுட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இதுவும் 2017தான். வரைபடத்தைத் திறந்து திறந்து நடப்பதும், கதைச் சீட்டை எடுத்து வாசிப்பதும் நன்றாகவே இருக்கிறது, அசலின் பாழடைந்த நிலத்தில் திரியும் சுகம் அப்படியே வருகிறது. அப்புறம் யாரோ ஒருவருக்குக் கையில் வெற்றிப் புள்ளி தரும் நல்ல அஜெண்டா சீட்டுகள் சேர்ந்துவிட, கதை பாதியில் நிற்க ஆட்டம் முடிந்துவிடும். எல்லோரும் ஒரே அணியாக ஆட 2020ல் வந்த அட்டாமிக் பாண்ட்ஸ் இணைப்பு இந்த நெருடலைக் குறைக்கிறது. அது இல்லாமல் வாங்க வேண்டாம்.

போரில் சிக்கிய சாதாரண மக்களின் கதையான திஸ் வார் ஆஃப் மைன் கம்ப்யூட்டரின் வேலையை ஒரு தடித்த புத்தகத்திடம் கொடுத்திருக்கிறது. எண்ணிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பத்திகள். இரவில் இடிந்த வீட்டுக்குள் மருந்து தேடிப் போனால் ஏதோ ஒரு எண்ணைப் பார்க்கச் சொல்லும், அங்கே ஒரு கிழவர் நிற்பார், அதற்குப் பிறகு என்ன என்று நாம் முடிவு செய்யவேண்டும். உங்களுக்கு ஒரு பாத்திரம், எனக்கு ஒரு பாத்திரம் என்ற பேச்சே இல்லை, முற்றுகைக்குள் மாட்டிய எல்லோரையும் எல்லோரும் சேர்ந்து நடத்துகிறோம், முடிவெடுக்கும் பொறுப்பு மட்டும் கை மாறிக்கொண்டே இருக்கும். தொண்ணூறுகளில் போஸ்னியாவில் நடந்த சரயேவோ முற்றுகையின் நினைவிலிருந்து பிறந்த ஆட்டம் என்பதால் சிரித்துப் பேசி விளையாட இது ஒத்துவராது. திருடலாமா வேண்டாமா என்று திரையின் முன் தனியாக முடிவெடுப்பது ஒன்று, "திருடலாம்" என்று நண்பர்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்வது வேறு. இந்த ஒரு விஷயத்தில் போர்ட் கேம் அசலை முந்திவிட்டது. ஆனால் ஒரு ஆட்டத்துக்கு ஒரு முழு இரவு போகும்.

சரி, உண்மையான போட்டி எனக்கு ஏலியன் படையெடுப்பைத் தடுக்கும் எக்ஸ்காமுக்கும், சீட்டுகளால் சண்டையிட்டுக் கோபுரம் ஏறும் ஸ்லே த ஸ்பயருக்கும் இடையில்தான். இரண்டும் எதிரெதிர் வழியில் போகின்றன.

2015ல் வந்த எக்ஸ்காம் வேலையை ஒரு போன் ஆப்பிடமே விட்டுவிட்டது. ஒருவர் தளபதி, ஒருவர் விஞ்ஞானி, ஒருவர் படைத்தலைவர், நான்காமவர் ஆப்பைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற உத்தரவை வாசிப்பவர். நேரம் ஓடும். "ஆசியாவில் இரண்டு விமானம், சீக்கிரம்!" என்று கத்தினால், பணம் எவ்வளவு மிச்சம் என்று தளபதி எண்ணி முடிப்பதற்குள் அடுத்த உத்தரவு வந்துவிடும். அதன் பிறகு நேரக்கணக்கு நின்று பகடை. எட்டுப் பக்கச் சிவப்புப் பகடையில் முதல் தடவை 1 விழுந்தால் மட்டும்தான் ஆபத்து, திரும்ப உருட்டினால் 1 அல்லது 2, இப்படி 5 வரை ஏறும். நிறுத்துவதா, இன்னும் ஒரு தடவையா? 95 சதவீதம் என்று காட்டிவிட்டு எதிரில் நின்ற ஏலியனைத் தவறவிட்ட துப்பாக்கிக்காக மானிட்டரைத் திட்டியவர்களுக்கு இது புரியும். இங்கே திட்டுவதற்கு உருட்டிய ஆளே பக்கத்தில் இருக்கிறார்.

2024ல் வந்த ஸ்லே த ஸ்பயர் வேறு வழி பிடித்தது: வேலையையே சுருக்கிவிட்டது. அசலில் 6 அடி கொடுக்கும் ஸ்டிரைக் இங்கே 1 அடி. எண்கள் சிறிதானதால் மனக்கணக்கே போதும். எதிரிகள் பலர் என்ன செய்வார்கள், எந்த ரெலிக் (சிறப்புச் சக்தி தரும் பொருள்) வேலை செய்யும் என்பதையெல்லாம் சுற்றுக்கு ஒரே ஒரு பகடை சொல்லிவிடும். கார்டை மேம்படுத்த உறையிலிருந்து உருவித் திருப்பிச் செருகினால் முடிந்தது, இதைச் செய்யும்போது வரும் அற்பச் சந்தோஷம் பட்டனை அழுத்துவதில் இல்லை. "எனக்கு மூன்று தடுப்பு போதும், மிச்ச அடியை உன் வரிசைக்கு அனுப்பவா?" என்று பேசிப் பேசியே ஆட்டம் நகரும்.

அப்படியானால் அசலையே ஆடலாமே என்பார்கள். தனியாக ஆடுகிறவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன், கலைத்து அடுக்கும் வேலையாவது மிச்சம். இரண்டு மூன்று பேர் என்றால் ஸ்பயர், தயக்கமே இல்லை. நான்கு பேர் உறுதியாக வருகிறார்கள், அதில் ஒருவருக்காவது நன்றாகக் கத்தத் தெரியும் என்றால் எக்ஸ்காம், போனில் சார்ஜ் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த ஆப் இல்லாவிட்டால் பெட்டியில் மிஞ்சுவது வெறும் அட்டையும் பிளாஸ்டிக்கும்தான்.